காதால் பார்க்கும் வழுக்கல்: பழைய வானொலி நகைச்சுவைக்குள் நுழைய ஒரு வழி

வாழைப்பழத் தோலில் ஒருவர் வழுக்கி விழுகிறார். பார்த்தால் சிரிப்பு வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்? 'தொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். 1930களிலும் 40களிலும் அமெரிக்க வானொலியில் ஓகோவென்று ஓடிய நகைச்சுவை நிகழ்ச்சிகளைக் கேட்கத் தொடங்கிய முதல் வாரம் எனக்குச் சிரிப்பே வரவில்லை. எல்லாரும் படபடவென்று பேசினார்கள். எதற்கென்றே தெரியாமல் அரங்கம் அதிர்ந்தது. நடுவில் ஒருவர் வந்து தரைக்குப் போடும் மெழுகை விற்றுவிட்டுப் போனார்.

இரண்டாவது வாரம் ஏதோ ஒன்று பிடிபட்டது. அதற்கப்புறம் விடவே முடியவில்லை. அந்த முதல் வாரத்தை நீங்கள் சுருக்கமாகக் கடந்துவிடலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிடிபட்டது இதுதான்: இந்த நிகழ்ச்சிகளில் சிரிப்பு சத்தத்தில் இல்லை. சத்தத்துக்கு முன்னாலும் பின்னாலும் விடப்படும் இடைவெளியில் இருக்கிறது. சொல் விளையாட்டுக்கும் அதே கணக்குதான்.

'ஸ்லாப்ஸ்டிக்' என்ற பெயரே ஒரு ஒலிக்கருவியின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. இத்தாலியப் பழைய மேடைக் கோமாளிகள் இரண்டு மரப் பட்டைகளை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பார்கள். அதால் அடித்தால் 'பளார்' என்று பெரிய சத்தம் கேட்கும், அடி வாங்கியவருக்கு வலிக்காது. அந்தப் பட்டையின் ஆங்கிலப் பெயர்தான் பிறகு விழுந்து புரளும் நகைச்சுவை முழுவதற்கும் ஆகிவந்தது. ஆக, இந்தக் கலை வானொலிக்கு வந்ததை வேற்றூருக்குப் போனதாக நினைக்க வேண்டாம். ஒருவகையில் தாய்வீட்டுக்குத் திரும்பியது.

முதலில் ஒரே ஒரு நிகழ்ச்சி

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு, எல்லாவற்றிலும் ஒவ்வொன்றாக எடுத்து நுனிப்புல் மேய்வது. அப்படிக் கேட்டால் எதுவுமே ஒட்டாது. வாரா வாரம் அதே வீட்டில், அதே ஆட்களுடன், அதே பலவீனங்களை வைத்து ஓட்டிய நிகழ்ச்சிகள் இவை. ஜாக் பென்னி என்ற நகைச்சுவையாளர் நிகழ்ச்சியில் கஞ்சன் என்பது உங்களுக்குப் பழகிய பிறகுதான் அவர் பர்ஸைத் திறக்கும் சத்தமே சிரிப்பாகும்.

நான் கை காட்டுவது இரண்டு. ஒன்று 'ஃபிபர் மெக்கீ அண்ட் மாலி'. ஜிம் ஜோர்டான், மேரியன் ஜோர்டான் என்ற நிஜக் கணவன் மனைவி ஃபிபராகவும் மாலியாகவும் நடித்து, 1935இல் தொடங்கிய நிகழ்ச்சி. குலுக்கலில் கிடைத்த வீடு ஒன்றில் இருக்கிறார்கள். கணவருக்கு வாய் நீளம், மனைவிக்குப் பொறுமை நீளம். இன்னொன்று 'ஜாக் பென்னி'யின் நிகழ்ச்சி, 1932 முதல் 1955 வரை. எதில் தொடங்கினாலும் முதல் ஆண்டிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டாம். ஆரம்ப காலத்து பென்னி நிகழ்ச்சிகள் பாட்டும் துணுக்குமாக இருக்கும்; நாம் தேடும் பென்னி இன்னும் உருவாகியிருக்க மாட்டார். ஃபிபருக்கு 1940 முதல் 45 வரை, பென்னிக்கு 1945 முதல் 50 வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பருவத்தில் தொடர்ச்சியாக ஆறு நிகழ்ச்சிகள் கேளுங்கள். மூன்றாவதில் சிரிக்கத் தொடங்கிவிடுவீர்கள். ஆறாவதில் சத்தம் வருவதற்கு முன்பே சிரிப்பீர்கள்.

கோப்புகளை எடுப்பது

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் நிகழ்ச்சியின் பெயரோடு 'ஓல்ட் டைம் ரேடியோ' என்று ஆங்கிலத்தில் தேடினால் மொத்தமாகக் கிடைக்கும். கோப்பின் பெயரில் ஒலிபரப்பான தேதி பெரும்பாலும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். ஒன்று அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். காலை நடைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும்.

ஒலி சில இடங்களில் கரகரக்கும். அந்தக் காலத்தில் இவை நேரடியாக ஒலிபரப்பானவை. 16 அங்குலப் பெரிய இசைத்தட்டுகளில் பதிந்து வைத்தார்கள். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 15 நிமிடம்தான் பிடிக்கும். நடுவில் சட்டென்று ஒலியின் தரம் மாறினால் உங்கள் கைப்பேசியைத் தட்ட வேண்டாம், தட்டுதான் மாறியிருக்கிறது.

இன்னொரு விஷயம். போர்க்காலத்தில் படைவீரர்களுக்காக அமெரிக்க ராணுவ வானொலி இதே நிகழ்ச்சிகளை விளம்பரத்தை வெட்டிவிட்டுத் தனியாகப் பதிந்து அனுப்பியது. அந்தப் படிகளும் இணையத்தில் கலந்து கிடக்கின்றன. விளம்பரம் இல்லையே என்று சந்தோஷப்பட்டு அவற்றை எடுக்காதீர்கள். ஃபிபர் நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் ஹார்லோ வில்காக்ஸ் வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல் நுழைந்து, பேச்சுவாக்கில் ஜான்சன்ஸ் மெழுகுக்குத் திரும்பிவிடுவார். அவர் எந்தச் சந்தில் திரும்பப்போகிறார் என்று ஃபிபரோடு நாமும் காத்திருப்பதே ஒரு நகைச்சுவை. பென்னி இன்னும் ஒரு படி மேல்: ஜெல்லோ என்ற பண்டம் விளம்பரதாரராக இருந்த ஆண்டுகளில் 'ஹலோ அகேன்' என்ற வணக்கத்தையே 'ஜெல்லோ அகேன்' என்று மாற்றிவிட்டார். விளம்பரத்தைத் தாண்டிக் குதித்தால் இந்தச் சொல் விளையாட்டும் கூடவே போய்விடும்.

ஆனால் பென்னிக்கு 1944இல் விளம்பரதாரராக வந்தது சிகரெட் கம்பெனி. அதில் புகையிலை ஏலக்காரர் ஒருவர் மூச்சு விடாமல் ஏலம் பாடுவார். அது என்ன மொழி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கும் அது புரியாது. அதை மட்டும் தாண்டிக்கொள்ளலாம்.

பேச்சு வேகமாக இருக்கிறதே என்று கைப்பேசியில் வேகத்தைக் குறைத்துக் கேட்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைத்தால் சொல் தெளிவாகும், ஆனால் இடைவெளியும் சேர்ந்து நீளும். நகைச்சுவை செத்துவிடும். புரியவில்லையா, அப்படியே ஓடவிடுங்கள். முடிந்ததும் இன்னொரு முறை கேளுங்கள்.

அலமாரியில் தொடங்குங்கள்

விழுந்து புரளும் நகைச்சுவையைக் காதால் கற்க ஃபிபர் வீட்டு அலமாரியைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கூடத்தில் ஒரு சுவர் அலமாரி. அதில் வீட்டு வேண்டாத சாமான் அத்தனையும் திணித்து வைத்திருக்கிறார் ஃபிபர். யாராவது கதவைத் திறந்தால் எல்லாம் தலையில் கொட்டும். 1940 மார்ச்சில் முதல்முறை திறந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அந்த ஒலிபரப்பையும் சேர்த்திருக்கிறது. ஒரு நாட்டின் நூலகம் பாத்திரம் உருளும் சத்தத்தைப் பொக்கிஷமாக வைத்திருக்கிறது என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

இதை மூன்று துண்டாகப் பிரித்துக் கேளுங்கள்.

கதவுக்கு முன்: ஃபிபர் எதையோ தேடுவார். அது எங்கே இருக்கும் என்று யோசிப்பார். "அட, அந்த அலமாரியில்தான்..." என்று ஆரம்பிப்பார். மாலி பதறுவாள், வேண்டாம் என்பாள். இந்த இடத்திலேயே அரங்கத்தில் சிரிப்பு கிளம்பிவிடும், கவனியுங்கள். இன்னும் ஒரு ஸ்பூன்கூட விழவில்லை.

சத்தம்: பழகாத காதுக்கு ஒரே கலவரம். இரண்டு மூன்று முறை கேட்டால் அதில் ஒரு ஒழுங்கு தெரியும். முதலில் லேசான ஏதோ ஒன்று நழுவுகிறது. பிறகு கனமானது. அப்புறம் எல்லாம் சேர்ந்து சரிகிறது. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது ஒன்று உருண்டு போகிறது. ஒலி விளைவுக் கலைஞர்கள் தூக்கி நகர்த்தக்கூடிய படிக்கட்டு ஒன்றில் சாமான்களை அடுக்கி வைத்துத் தள்ளிவிடுவார்கள். படிப்படியாக இறங்குவதால்தான் அந்தச் சத்தத்துக்குத் தாளம் இருக்கிறது. நேரடி ஒலிபரப்பு வேறு. மறுபடி அடுக்கித் தள்ள முடியாது.

கடைசித் துண்டுதான் கலை. எல்லாம் ஓய்ந்து ஒரு நொடி அமைதி. அந்த அமைதிக்குள் 'டிங்' என்று ஒரு சின்ன மணி. அதற்கப்புறம் ஃபிபர், இந்த அலமாரியை ஒருநாள் ஒழுங்குபண்ண வேண்டும் என்பார். பெரிய இடிபாட்டை எழுதுவது பெரிய விஷயமில்லை. அதன் முடிவில் மணியை வைக்கத் தோன்றியதே, அதுதான் விஷயம்.

எல்லா வாரமும் அலமாரி திறக்காது. அதுவும் கணக்குதான். நேயர் காத்திருக்க வேண்டும், மறந்தும் போகக்கூடாது. ஒருமுறை திருடர்கள் வந்து ஃபிபரைக் கட்டிப் போடுகிறார்கள். வெள்ளிச் சாமான் எங்கே என்று கேட்கிறார்கள். "அதோ அந்தக் கதவுக்குப் பின்னால், நன்றாக இழுங்கள்" என்கிறார் இவர். மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம். இப்போதே உங்கள் காதில் கேட்டிருக்கும். அதைத்தான் சொல்கிறேன்: சாமான் விழுவது வானொலியில் இல்லை, உங்கள் மண்டைக்குள். உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் சாமானேதான் விழுகிறது.

அடுத்து, ஒன்றுமே கேட்காத இடங்கள்

அலமாரி பழகிய பிறகு பென்னிக்கு வாருங்கள். முன்பே வந்தால் அவர் மந்தமாகத் தெரிவார். இவரிடம் இடிபாடு குறைவு, மௌனம் அதிகம். வானொலியில் மௌனம் என்றால் இயந்திரம் பழுது என்று நேயர் நினைக்கக்கூடிய காலம் அது. அந்த ஊடகத்தில் வாயை மூடிக்கொண்டே சிரிக்க வைத்தவர் பென்னி.

1948 மார்ச் 28 நிகழ்ச்சியைத் தேடி எடுங்கள். ரோனல்ட் கோல்மன் என்ற நடிகர் அந்த மாதம்தான் ஆஸ்கர் வாங்கியிருந்தார். நிகழ்ச்சியில் அவர் பென்னியின் அண்டை வீட்டுக்காரர். பென்னி அந்த ஆஸ்கரை இரவல் வாங்கிக்கொண்டு இருட்டில் வீட்டுக்கு நடந்து வருகிறார். வழிப்பறிக்காரன் மறிக்கிறான். பணமா, உயிரா என்று கேட்கிறான். பென்னி பேசவில்லை. அரங்கம் சிரிக்கிறது. திருடன் பொறுமையிழந்து மறுபடி கேட்கிறான். "யோசிச்சிட்டுத்தானே இருக்கேன்!" என்று கத்துகிறார் பென்னி. வானொலி வரலாற்றிலேயே மிக நீண்ட சிரிப்பு இதற்குத்தான் கிடைத்தது என்று பலரும் எழுதுகிறார்கள். கேட்டுப் பாருங்கள், அவ்வளவு நீளமெல்லாம் இல்லை. ஆனால் பதில் வருவதற்கு முன், அந்த மௌனத்துக்குக் கிடைத்த சிரிப்பைக் கவனியுங்கள். 16 வருடமாக இந்த மனிதர் கஞ்சன் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்ததால் வந்த சிரிப்பு அது. புதிதாக வந்து இந்த ஒன்றை மட்டும் கேட்பவருக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. ஆறு நிகழ்ச்சி தொடர்ச்சியாகக் கேளுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

பென்னியிடம் சத்தமும் உண்டு, வேறு ரகம். நிலவறையில் பணம் வைத்திருக்கிறார். அங்கே இறங்கிப் போகும்போது காலடி, சங்கிலி, பூட்டு, கதவு என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். அவருடைய ஓட்டை மேக்ஸ்வெல் காரின் இரைப்பு, இருமல், விக்கல் எல்லாம் மெல் பிளாங்க் என்பவரின் வாய். பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயலுக்குக் குரல் கொடுத்தவர் என்றால் எல்லாருக்கும் தெரியும். காரின் ஒலித்தட்டு ஓடாமல் போன ஒருநாள் மைக்கைப் பிடித்துத் தானே காராகிவிட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அதே பிளாங்க் ரயில் நிலைய அறிவிப்பாளராகவும் வருவார். அனாஹைம், அசூசா, குக்கமாங்கா என்று கலிபோர்னியாவில் அன்று சின்னதாக இருந்த மூன்று ஊர்களை அறிவிப்பார். நிஜ ஊர்கள்தான். கடைசி ஊரை மட்டும் 'குக்...' என்று நிறுத்திவிட்டு, நீண்ட நேரம் கழித்து '...கமாங்கா' என்பார். 1945இல் தொடங்கிய இந்த விளையாட்டில் இடைவெளி நாளாக நாளாக நீண்டது. ஒருமுறை அந்த ஒரு சொல்லின் இரண்டு பாதிகளுக்கு நடுவில் வேறொரு காட்சியே நடந்து முடிந்துவிடும். சொல் விளையாட்டும் வழுக்கி விழுவதும் எப்படி ஒரே குடும்பம் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். வாழைப்பழத் தோலில் காலை வைத்தவர் இன்னும் விழவில்லை. ஒரு கால் காற்றில் நிற்கிறது.

சொல் விளையாட்டு: எங்கே காதைத் தீட்டுவது

நமக்குச் சிலேடை புதிதில்லை. பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் கட்டிய காளமேகத்தின் ஆட்கள் நாம். ஆனால் அது எழுத்தில் நிற்கும் சிலேடை, நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம். வானொலிச் சிலேடை காற்றில் போகும். அதனால் அவர்கள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்பவர் பிடித்துக்கொள்ள வாகாக வைத்தார்கள்.

இதற்கு மணிமகுடம் ஆபட், காஸ்டெலோ என்ற நகைச்சுவை ஜோடியின் 'ஹூ'ஸ் ஆன் ஃபர்ஸ்ட்'. மேடைகளில் ஆடிப் பழகியதை 1938 மார்ச்சில் கேட் ஸ்மித் என்ற பாடகியின் வானொலி நிகழ்ச்சிக்குக் கொண்டுவந்தார்கள். பேஸ்பால் தெரியாதே என்று ஒதுங்க வேண்டாம். தெரிய வேண்டியது ஒன்றுதான்: மைதானத்தில் முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று இடங்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் நிற்பார். முதல் ஆளின் பெயர் 'யார்'. இரண்டாம் ஆள் பெயர் 'என்ன'. மூன்றாம் ஆள் 'தெரியாது'. இப்போது தமிழிலேயே முயன்று பாருங்கள்.

"முதல் பேஸில் நிற்பது யார்?"
"ஆமாம்."
"அவன் பெயரைக் கேட்டேன்."
"யார்."
"முதல் பேஸில் நிற்கிறவன்."
"யார்தான் நிற்கிறார்."
"சரி, அதை விடு. இரண்டாம் பேஸில் நிற்பவன் பெயர்?"
"அவன் பெயர் என்ன."
"அதைத்தானே நானும் கேட்கிறேன்!"

தமிழில் இது பாதி தூரம் அழகாக ஓடும். 'அவன் பெயர் என்ன' என்பது கேள்வியாகவும் நிற்கும், பதிலாகவும் நிற்கும். ஆனால் 'என்ன நிற்கிறார்' என்றதும் இலக்கணம் காலை வாரிவிடும். அந்த இடத்தில்தான் ஆங்கிலத்தில் இது எவ்வளவு கச்சிதமாகப் பின்னப்பட்டது என்பது உறைக்கும். ஒருமுறை இப்படித் தமிழில் நீங்களே எழுதிப் பார்த்துவிட்டு மூலத்தைக் கேளுங்கள். வெறும் கேட்பைவிட இரண்டு மடங்கு லாபம்.

இன்னொரு நுணுக்கம். வானொலிக்கு வந்த புதிதில் இந்த இருவர் குரலும் ஒன்றுபோல் இருந்ததால் யார் பேசுகிறார் என்றே நேயருக்குப் பிடிபடவில்லை. மேடையில் ஒருவர் ஒல்லி, ஒருவர் குண்டு, பார்த்தாலே தெரியும். வானொலியில் உடம்பு கிடையாதே. காஸ்டெலோ தன் குரலைச் சின்னப் பையன்போல் உயர்த்திக்கொண்டார். அவரைக் கேட்கும்போது அந்தக் குரல் எந்த இடத்தில் கீச்சென்று உடைகிறது என்று கவனியுங்கள். கன்னத்தில் விழும் அறையின் இடத்தில் இவரிடம் அந்தக் கீச்சுதான் இருக்கிறது.

அடுத்த ரகம் கிரேசி ஆலன். கணவர் ஜார்ஜ் பர்ன்ஸ் கேட்பார், இவர் பதில் சொல்வார். ஆரம்பத்தில் நகைச்சுவை வரிகள் கணவருக்கும் கேள்விகள் மனைவிக்குமாகத்தான் இருந்தன. கிரேசியின் கேள்விக்கே ஜனம் சிரித்ததால் பர்ன்ஸ் மாற்றிக்கொண்டார். கிரேசி எந்தச் சொல்லையும் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வார். அவருடைய தர்க்கம் அவருக்குள் பழுதில்லாமல் ஓடும். 1940இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்பதாகக் கிளம்பினார். கட்சியின் பெயர் 'சர்ப்ரைஸ் பார்ட்டி'. ஆங்கிலத்தில் கட்சிக்கும் விருந்துக்கும் ஒரே சொல். சின்னம் கங்காரு. வெற்றி நிச்சயம் என்று சொல்ல ஆங்கிலத்தில் 'பைக்குள் இருக்கிறது' என்பார்கள். கங்காருவுக்குத்தான் வயிற்றிலேயே பை இருக்கிறதே. கிரேசியைக் கேட்கும்போது ஆங்கில வழக்குகளை நேர்ப்பொருளில் மொழிபெயர்த்துக்கொண்டே போங்கள். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருப்பவர்களுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. நாம் எல்லாருமே ஒரு காலத்தில் கிரேசி மாதிரிதான் ஆங்கிலத்தைப் புரிந்துகொண்டோம்.

ஃபிபர் நிகழ்ச்சியிலும் இதன் தம்பி ஒன்று இருக்கிறது. மேயர் லா டிரிவியா என்று ஒருவர் வருவார், கேல் கார்டன் நடித்தது. ஏதாவது ஒரு மரபுத்தொடரை வாய் தவறிச் சொல்லிவிடுவார். ஃபிபரும் மாலியும் அப்பாவியாக அதை நேர்ப்பொருளில் பிடித்துக்கொண்டு குடைவார்கள். மேயர் விளக்குவார், மறுபடி விளக்குவார், குரல் ஏறும், எழுத்துகள் இடம் மாறும், கடைசியில் நாக்கு முழுசாக முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அப்புறம் ஒரு நீண்ட அமைதி. பிறகு மிகத் தாழ்ந்த குரலில் "மெக்கீ..." என்பார். இதை அலமாரியோடு பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்: லேசானது நழுவுகிறது, கனமானது விழுகிறது, எல்லாம் சரிகிறது, அமைதி, கடைசியில் மணி. சாமானுக்குப் பதில் சொற்கள், அவ்வளவே.

'டஃபிஸ் டேவர்ன்' என்ற நிகழ்ச்சியில் மதுக்கடை மேலாளர் ஆர்ச்சி பெரிய சொற்களைத் தப்பும் தவறுமாகப் போட்டுப் பேசுவார். எனக்கு அது சீக்கிரம் சலித்துவிட்டது. முதலாளி டஃபி கடைசிவரை தொலைபேசியின் மறுமுனையில், நம் காதுக்கு எட்டாமலே இருப்பது மட்டும் பிடிக்கும். ஃப்ரெட் ஆலன் என்ற மேதையையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அன்றன்றைய செய்தியை வைத்து எழுதியவர். அந்தச் செய்தித்தாள் நம் கையில் இல்லை.

சிரிப்பு வராத இடங்கள்

அரங்கம் சிரிக்கிறது, உங்களுக்குக் காரணம் தெரியவில்லை என்றால் அது உங்கள் குறை என்று நினைக்காதீர்கள். சில நடிகர்கள் மைக் முன்னால் முகத்தைக் கோணியோ எதையாவது செய்தோ அரங்கத்தில் இருப்பவர்களைச் சிரிக்க வைப்பார்கள். வீட்டில் கேட்டவர்களுக்கு அன்றும் புரியவில்லை. இதன் உச்சம் எட்கர் பெர்கன். மரப் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு வாய் அசையாமல் பேசும் வித்தைக்காரர். 1937 முதல் 1956 வரை வானொலியில் கொடிகட்டிப் பறந்தார். வானொலியில் வாய் அசைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது! ஆனால் சார்லி மெக்கார்த்தி என்ற அந்தப் பொம்மையை ஜனங்கள் ஆளாகவே நம்பினார்கள்.

போர் ஆண்டுகளில் பெட்ரோல், டயர், இறைச்சி பற்றிய வரிகள் நிறைய வரும். எல்லாம் ரேஷன். 'ஏ கார்டு' என்று கேட்டால் மிகக் குறைந்த பெட்ரோல் கிடைக்கும் அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு மிச்சம் தானாகப் புரியும்.

சில இடங்களில் சிரிப்பு வரவே கூடாது. 1928இல் தொடங்கிப் பெரும் வெற்றி பெற்ற 'ஆமோஸ் அண்ட் ஆண்டி'யில் வெள்ளைக்கார நடிகர்கள் இருவர் கறுப்பினத்தவர்போல் பேசிக் கேலி செய்தார்கள். சீனர், மெக்சிகர், யூதர் என்று உச்சரிப்பை வைத்தே ஆளைக் கேலி செய்யும் பழக்கம் பல நிகழ்ச்சிகளில் உண்டு. பென்னிக்கும் பிளாங்குக்கும் ஒரு பெயர்போன உரையாடல். ஸ்பானிய மொழியில் ஆமாம் என்பதற்கு 'சீ'. ஆளின் பெயர் 'சை'. தங்கை பெயர் 'சூ'. அவள் செய்யும் வேலை தையல், ஆங்கிலத்தில் 'சோ'. பென்னி எதைக் கேட்டாலும் இந்த நான்கில் ஒன்றுதான், நீண்ட இடைவெளி விட்டுவிட்டு, பதிலாக வரும். முதல்முறை கேட்டபோது யாரோ 'சீ, சை' என்று அவரைத் திட்டுவதாகவே எனக்குப் பட்டது. நேரக்கணக்கில் இதைவிடத் துல்லியமானது அரிது. அதற்குள் இருக்கும் மெக்சிகோக்காரர் சித்திரம் உறுத்தவும் செய்கிறது. இரண்டும் உண்மை. நான் கேட்கிறேன், குழந்தைகளுக்குப் போட்டால் கூட உட்கார்ந்து சொல்லிப் போடுகிறேன்.

கடல் தாண்டி

அமெரிக்கா பழகியதும் பிபிசியின் 'கூன் ஷோ'வுக்குப் போங்கள், 1951 முதல் 1960 வரை. 1954க்குப் பிந்தையவற்றில் தொடங்குங்கள்; முந்தையவற்றில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. அதைப் பெரும்பாலும் எழுதிய ஸ்பைக் மில்லிகன் 1918இல் நம் அகமத்நகரில் பிறந்தவர். அலமாரி நம் மண்டைக்குள் சரிகிறது என்றேனே, இங்கே மண்டையே சரியும். நடக்கவே முடியாத காரியங்கள் சத்தமாக மட்டும் நடக்கும். பீட்டர் செல்லர்ஸ் என்ற நடிகர் ஒருவரே அரை டஜன் ஆட்களாக வருவார். லால்காகா, பானர்ஜி என்று இரண்டு இந்தியர்களும் வந்து போவார்கள். அந்த உச்சரிப்புக் கேலி இந்தமுறை நம்மைப் பற்றியது. அதைக் கேட்டபின் மெக்சிகோக்காரர் வேறுமாதிரி கேட்கும்.

ஒருமுறை செய்து பாருங்கள்

கேட்பதோடு நிறுத்தினால் பாதிதான் பிடிபடும். வீட்டிலேயே ஓர் அலமாரியை விழ வையுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பத்தடி தள்ளி ஒரு தலையணை மேல் வையுங்கள். பக்கத்தில் வைத்தால் சத்தம் பிளந்துவிடும். மூன்று படி உள்ள ஸ்டூல் அல்லது மாடிப்படி. மேல்படியில் பிளாஸ்டிக் டப்பாவும் கரண்டியும். நடுப்படியில் எவர்சில்வர் தட்டும் தம்ளரும். கீழே ஒரு காலி வாளி, அதில் நாலைந்து கோலிக்குண்டு. பக்கத்தில் பூஜை மணி. முதலில் கரண்டியை மட்டும் நழுவவிடுங்கள். ஒரு மூச்சு பொறுங்கள். அப்புறம் மொத்தத்தையும் தள்ளுங்கள். உருளுவதெல்லாம் உருண்டு ஓயும்வரை வாயைத் திறக்காதீர்கள். ஓய்ந்தபின் மனதுக்குள் 'ஒன்று, இரண்டு' எண்ணி மணியை ஒருமுறை மட்டும்.

நான் முதலில் எல்லாவற்றையும் ஒரே தள்ளில் தள்ளினேன். வெறும் இரைச்சல்தான் பதிவாயிற்று. இரண்டாம் முறை எவர்சில்வர் அண்டா ஒன்றைச் சேர்த்தேன், பேராசை. மூன்றாம் முறைதான் தாளம் வந்தது. கரண்டி, இடைவெளி, சரிவு, உருண்டு போகும் கோலி. எல்லாம் ஓய்ந்தது. ஒன்று என்று எண்ணிவிட்டு மணியைக் கையில் எடுத்தேன். அதற்குள் கீழ்வீட்டு அங்கிளின் குரல் படியேறி வந்தது.

"மேல யாரு விழுந்தது?"

முந்தின வாரம் முழுக்க என்னோடு உட்கார்ந்து ஆபட், காஸ்டெலோவைக் கேட்டிருந்த என் பையன் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"ஆமா அங்கிள். யாருதான்."